மாமி காப்பிக்கொட்டை வறுக்கும் நேரம்

என் வீட்டுக்காரர் பஞ்சாபகேசன் காலேஜில் பிசிக்ஸ் டெமான்ஸ்ட்ரேட்டர். உலகத்தில் எது நடந்தாலும் அதற்கு ஒரு விதி உண்டு என்று நம்புகிற ஜன்மம். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் துடைக்கத் துணி எடுத்துத் தர மாட்டார், ஏன் பொங்கியது என்று விளக்கம் சொல்வார்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மழையில் அவருக்கு நிமோனியா வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பினார். இரண்டு மாசத்துக்குத் தினம் ஒரு முட்டை கொடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் என்னிடம் மலையாளத்தில் கண்டிப்பாகச் சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் குடியிருந்தது வலியசாலை அக்ரஹாரத்தில், ஜெயலக்ஷ்மி மாமி வீட்டின் பின்கட்டில். மாமி முன்கட்டில் தனியாக இருந்தாள், புருஷன் போய்ப் பல வருஷம். இரண்டு கட்டுக்கும் நடுவில் ஒரே முற்றம். வீட்டில் முட்டை நாற்றம் வந்தால் அன்றைக்கே சாமானைத் தெருவில் வைத்துவிடுவேன் என்று சொல்லித்தான் குடிவைத்தாள். அவளும் சொன்னதைச் செய்கிறவள். இருமி இருமி ஓய்ந்த மனுஷனை இழுத்துக்கொண்டு அந்த மழையில் நான் எங்கே போய் வீடு தேடுவேன்?

லீவு முடிந்து அவர் வேலைக்குப் போனதும், முட்டை சாக்பீஸ் பெட்டிக்குள் பஞ்சு சுற்றி வீட்டுக்கு வந்தது. உடைத்த முட்டையின் தோடு அதே பெட்டியில் திரும்பிப் போனது. பச்சையாகக் குடித்துப் பார்த்தார், உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. அவித்தது தொண்டையில் இறங்கவில்லை. ஆம்லெட் ஒன்றுதான் இறங்கியது. அதற்கோ ஊரைக் கூட்டுகிற வாசனை. முதல் நாளே, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியும், மாமி முற்றத்தில் வந்து நின்று இது என்ன நாற்றம் என்று கேட்டாள். லேபில் கந்தகம் சட்டையில் கொட்டிவிட்டது என்று இவர் உள்ளேயிருந்தே கூசாமல் புளுகினார். மாமி ஒரு தரம் மூக்கை உறிஞ்சிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் எனக்கு கிளாஸ் நடந்தது. எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனதாம். திடப்பொருளில் அவை கல்யாணப் பந்தியில் நெருக்கி உட்கார்ந்தவர்கள் மாதிரி. உட்கார்ந்த இடத்திலேயே நெளியும், எழுந்து போக முடியாது. திரவத்தில் சாலை பஜார் கூட்டம், உரசிக்கொண்டே நகரும். வாயுவில் மணியடித்த பள்ளிக்கூடம், எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. சூடு ஏற ஏற எல்லாவற்றுக்கும் ஆட்டம் கூடுமாம்.

"சூடு பண்ணினா கெட்டியா இருக்கறதுதானே இளகணும்? முட்டை எதுக்கு இறுகறது?" என்று கேட்டேன்.

"அது கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தீயைக் குறைத்தால் துகளின் வேகமும் குறையும் என்றார். குறைத்தேன். ஆம்லெட் அரைமணி நேரம் வெந்தது, நாற்றமும் அரைமணி நேரம் ஆற அமர வந்தது. மறுநாள் காற்றைக் குளிரவைக்கிறேன் பேர்வழி என்று முற்றமெல்லாம் தண்ணீர் தெளித்தார். நான் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். விதியாவது மண்ணாவது என்று கத்தினேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை மாமி இரும்பு வாணலியில் காப்பிக்கொட்டை வறுத்தாள். தெரு முழுக்க மணந்தது. இவர் துள்ளி எழுந்தார். சூட்டு வேகத்தில் கிளம்பிய காப்பித் துகள்கள் முற்றத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, நம்முடைய நாலு முட்டைத் துகளை எந்த மூக்கு கண்டுபிடிக்கும் என்றார். உடனே ஆம்லெட் போட்டேன். மாமி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாளும் மாமி வறுத்தாள். அதற்கு மறுநாளும் வறுத்தாள். வாரத்துக்கு ஒரு தரம் வறுக்கிறவள், தினம் காலை ஏழரைக்கு வாணலியை ஏற்றத் தொடங்கினாள். அவள் கரண்டிச் சத்தம் கேட்டதும் நான் முட்டையை உடைப்பேன். தனிக்கட்டைக்கு இவ்வளவு காப்பி எதற்கு என்று அக்ரஹாரமே பேசியது. அவளோ பொடி அரைத்து வீட்டுக்கு வீடு டப்பாவில் கொடுத்தாள், எங்களுக்கும்தான். வயசானால் இப்படி ஒரு பித்துப் பிடிக்கும் என்று இவர் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். கன்னத்தில் சதை பிடித்துவிட்டதல்லவா, பேச்சும் கூடிவிட்டது.

ஆறாவது வாரம் ஒரு காலையில் கரண்டிச் சத்தம் கேட்கவில்லை. ஏழரை ஆயிற்று, எட்டும் ஆயிற்று. கையில் முட்டையோடு நிற்கிறேன், மாமி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். முட்டையை அரிசி டின்னில் போட்டு மூடிவிட்டு ஓடினேன். தொலைந்தோம், எந்தப் பாத்திரத்தை முதலில் கட்டுவது என்று நடக்கும்போதே யோசனை.

மாமி வாணலி முன்னால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் இன்னும் எத்தனை நாள் முட்டை குடுக்கச் சொல்லியிருக்கார்? தினம் கிண்டிக் கிண்டி எனக்குக் கை தூக்க முடியலை, கேட்டியா."

கந்தகம் எது, முட்டை எது என்று தெரியாத மூக்கா எனக்கு, ஆஸ்பத்திரியில் புருஷன் கட்டிலடியில் மூன்று மாசம் இருந்தவளாக்கும் என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"எங்காத்துக்காரருக்கும் இதே க்ஷீணம்தான். முட்டை குடுக்கணும்னு டாக்டர் சொன்னார். நான்தான் ஆசாரம்னு பிடிவாதமா நின்னேன். அவர் என் மொகத்தையே பார்த்துண்டிருந்தார். வாயைத் திறந்து கேக்கலை."

கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு எங்கே தெரியும்? அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். மாமி அழவில்லை. மணி எட்டேகால் ஆகிறது, அந்தப் பிள்ளை பட்டினியாகக் காலேஜுக்குப் போகவேண்டுமா என்று என்னை அதட்டினாள்.

இன்னும் இரண்டு வாரம்தான் என்று சொல்லிக் கரண்டியை வாங்கிக்கொண்டேன். கொட்டையைப் போட்டுக் கிண்ட உட்கார்ந்துவிட்டதால் ஆம்லெட் இவர் தலையில் விழுந்தது. முட்டை அரிசி டின்னில் இருக்கிறது என்று மட்டும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஜன்மத்தில் அடுப்புப் பக்கம் போகாத மனுஷன். மாமி முற்றத்தின் இந்தக் கரையிலேயே நின்று, காப்பி மணத்துக்கு நடுவில் மூக்கைத் தூக்கி ஒரு தரம் இழுத்தாள்.

"பஞ்சாபகேசன், திருப்பிப் போடுங்கோ. ஒரு பக்கம் கருகறது."

உள்ளே கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு திருப்பிப் போட்டார்.