ராடாரில் குறையில்லை

1.

இந்தக் கதை நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது. வேலையிலிருந்து வந்த என் மனைவி, தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல் அடுப்படி வாசலில் நின்று, "இன்னைக்கு லாரிக்குப் பதிலா டிரைவரைச் சோதிச்சுட்டு வந்திருக்கேன்" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். புது லாரிகளின் முன் பம்பருக்குள் ஒரு ராடார் இருக்கும். எதிரே ஆளோ வண்டியோ வந்தால் கத்தும்; டிரைவர் கவனிக்காவிட்டால் தானே பிரேக் போடும். அது கோளாறு செய்தால் சரிபார்ப்பவள் அவள்.

எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா அவரைப் பாவம்னு எழுதாதீங்க."

2.

முதல் தொடக்கம்: "இருபத்தாறு வருடம் ஒரு கீறல் விழாமல் லாரி ஓட்டியவர், அன்று கோபத்தோடு பட்டறைக்குள் நுழைந்தார்."

"கோபமா எங்க வந்தார்? கூச்சப்பட்டுக்கிட்டு வந்தார்" என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "ராடார் என்பது இமைக்காத ஒரு கண், அது—" (முடிக்காமல் விட்டதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்லலாம்.)

எனவே நடந்ததையே சொல்கிறேன். காலை பத்து மணிக்கு அவர் வந்தார். பட்டறையில் எல்லாருக்கும் அவர் 'ஹாரன் அண்ணன்'. அவர் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை என்பதால் வந்த பெயர்.

"ரெண்டு மாசமா இதே ரோதனைம்மா. ரோடு காலியா கிடக்கும், இது பாட்டுக்குக் கத்தும். நேத்து தானா பிரேக்கே போட்டுடுச்சு. பின்னாடி வந்தவன் என்னைத் திட்டிட்டுப் போறான்."

"ஒண்ணுமே இல்லியாண்ணே? பாலம், போர்டு, அந்த மாதிரி?"

"ஒண்ணுமே இல்ல."

3.

பம்பர் மூடியில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள். ராடாரைப் பிடித்திருக்கும் இரும்பு வளைந்திருக்கிறதா என்று பார்த்தாள். ஒயர் முனையைக் கழற்றி, தண்ணீர் இறங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். மடிக்கணினியை இணைத்தாள், பிழை எதுவும் பதிவாகவில்லை. கடைசியாக, கம்பத்தில் மாட்டிய உலோகத் தகட்டை லாரிக்கு முன்னால் நிறுத்தி, ராடார் நேராகப் பார்க்கிறதா என்று அளந்தாள். நூல் பிடித்தாற்போல் இருந்தது.

"குறை கிடைச்சா நிம்மதிங்க. கிடைக்கலன்னாதான் மறுபடி முதல்லேர்ந்து தேடணும்" என்றாள் என்னிடம்.

சரி, ஓட்டிப் பார்க்கலாம் என்று அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கிடங்குகளுக்குப் பின்னாலுள்ள சாலை. மெதுவாகத்தான் போனார். திடீரென்று ராடார் கத்தியது.

"பாத்தியாம்மா? ரோட்ல ஒண்ணுமில்ல. கத்துது."

ஆனால் அவள் பார்த்திருந்தாள். இடப்பக்கச் சந்திலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர், லாரிக்குச் சற்று முன்னால் ஓரமாகவே மிதித்துப்போய், அடுத்த சந்தில் திரும்பிவிட்டார்.

"அண்ணே, சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் சைக்கிள்ல போனாரே."

"எங்க?"

(இந்த இடத்தில் அவள் மனதில் ஓடியதை அரைப்பக்கம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நான் எதையும் நினைக்கல, ஓரங்கட்டுங்கன்னேன், அவ்வளவுதான்" என்றாள். அரைப்பக்கம் போயிற்று.)

திரும்பி வரும்போது லாரியை அவளே ஓட்டினாள்.

4.

பட்டறை முற்றத்தில் ஒரு முக்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தாள். ராடாரைச் சோதித்த அதே தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"சுவத்துல இருக்கிற ஆணியை மட்டும் பாருங்கண்ணே. தலையைத் திருப்பக் கூடாது. தகடு தெரிஞ்சதும் சொல்லுங்க."

வலப்பக்கத்தில் அவள் இரண்டடி நகர்வதற்குள் "இதோ" என்றார். பிறகு இடப்பக்கம் போய், அவர் தோளுக்கு நேரிலிருந்து முன்னால் நடந்தாள். ஓர் அடி. இன்னோர் அடி. மற்ற மெக்கானிக்குகள் ஏதோ விளையாட்டு என்று எட்டிப் பார்த்தார்கள்.

"என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலியா?"

அவள் ஏழு அடி நடந்திருந்தாள்.

தலையைத் திருப்பித் தகட்டைப் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். இரண்டாம் முறையும் அப்படியேதான். மூன்றாம் முறை, அவள் தோளருகே போய் நின்றவுடனே, "தெரியுது, தெரியுது" என்றார்.

அவள் தகட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாள்.

இங்கேதான் எனக்கு அவர்மேல் சந்தேகம். அவருக்கு முன்பே தெரியுமா? வீட்டில் நிலைப்படியில் தோள் இடித்திருக்காதா? மனைவியிடம் கேட்டேன்.

"தெரிஞ்சவரு எதுக்குங்க ரிப்பேருக்கு வர்றாரு?"

"தன் வாயால சொல்லிக்க முடியாம, வேற யாராவது சொல்லட்டும்னு வந்திருக்கலாம்ல?"

தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்துபோனாள். அன்றிரவு தட்டுகளை நான்தான் கழுவினேன்.

5.

"சாவியைக் குடும்மா" என்றார்.

"என்கிட்டயே இருக்கட்டும்ணே."

"சரக்கு போகணும்மா."

"வேற டிரைவர் வரட்டும். உங்களை வீட்ல நான் விடுறேன்."

கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தன் சிறிய காரில் கூட்டிக்கொண்டு போனாள். அவர் மனைவி வாசலில் காத்திருந்தார். கணவர் இறங்கியதும் அவருக்கு வலப்பக்கம் வந்து நின்றவர், என்ன நினைத்தாரோ, சுற்றிப்போய் இடப்பக்கம் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். (இது நான் கற்பனை செய்ததல்ல. செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக வைத்திருக்க மாட்டேன்.)

கண் நரம்பு கெட்டிருக்கிறது, போன பார்வை வராது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பது நிலைக்கும் என்றார் பிறகு அவரைப் பார்த்த கண் மருத்துவர். இப்போது அவர், தான் லாரி ஓட்டிய அதே நிறுவனத்தில், புறப்படும் லாரிகளில் பாரம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்று கயிற்றை இழுத்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறார். அவருடைய லாரியை வேறொருவர் ஓட்டுகிறார். ராடார்மேல் புகார் ஏதும் வரவில்லை.

6.

ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். அன்று காரில் ஏறுவதற்கு முன், அவர் தன் மனைவிக்குப் போன் செய்தார். என்னவள் கை கழுவப் போவதுபோல் நகர்ந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது, அவர் கொஞ்சமாகப் பேசி நிறையக் கேட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு தடவை சிரித்தாராம். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

அந்தப் பேச்சை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் ராடாரைத் திட்டினார். ஒன்றில் "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டார். ஒன்றில் அவர் சொல்வதற்கு முன் அந்த அம்மாவே சொல்லிவிட்டார். நான்காவது நன்றாகவே வந்தது, அதனாலேயே கிழித்தேன். இருபத்தாறு வருடம் வாசலில் காத்திருந்த ஒருவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நீங்களும் யாருக்காவது இப்படிப் போன் செய்திருப்பீர்கள். அவர் முற்றத்தில் நிற்கிறார், போனைக் காதில் வைத்திருக்கிறார். மணி போகிறது. எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க" என்கிறார் அந்த அம்மா.