மலர்விழியின் உள்ளங்கை

மலைமேல் இருக்கும் கரியாலூர்ப் பெண் பொன்னாயி, திருக்கோவிலூரில் விடுதியில் தங்கிப் படித்தவள். கபடியில் பாடிப் போவதற்கு அவளை மாதிரி ஆள் கிடையாது, கண்ணுங்களா. ஆனால் அதெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில்தான். போன வருஷம் மாவட்டப் போட்டியில் நடுக்கோட்டைத் தாண்டியதும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. சத்தமே வரவில்லை. பாட்டு நின்றால் அவுட்டுதானே, நடுவர் விசில் ஊதிவிட்டார். எதிர் டீம் பிள்ளைகள் ஊமை என்றார்கள். அவர்கள் சொன்னதுகூடப் போகட்டும், இவளே அதை நம்பிவிட்டாள்.

இந்த வருஷமும் அதே போட்டி. காலையில் இட்லியைத் தொடவில்லை. மைதானத்துக்கு வந்தும் கக்கூஸுக்கும் குழாயடிக்குமாக நடந்தாள். இன்னொரு தரம் குரல் அடைத்தால் கபடியே வேண்டாம் என்று முடிவு பண்ணியிருந்தாள், பாவம். யாரிடமும் சொல்லவில்லை.

கேப்டன் மலர்விழி மணலூர்பேட்டைக்காரி, ஒரு வகுப்பு மூத்தவள். வாய் ஜாஸ்தி.

"இன்னாடி, குழாயடியிலயே குடித்தனமா? இல்ல, பஸ் புடிச்சி மலைக்குப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவளுக்கென்ன, பயம் என்றால் தெரியுமா என்று பொன்னாயி மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

டாஸில் முதல் பாட்டு எதிர் டீமுக்குப் போனது. பிடிக்கிறவர்கள் கைகோத்து நிற்க வேண்டும். பொன்னாயி பக்கத்தில் மலர்விழி. அவள் கையைப் பிடித்ததும் பொன்னாயிக்குத் திக்கென்றது. ஈரத்துணி மாதிரி ஜில்லென்று இருந்தது.

"இன்னாக்கா இது?"

மலர்விழி எதிரில் பாடி வருகிறவள்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. "ஆட்டம் வந்தா எனக்கு எப்பவும் இப்படித்தான். வுடாத, புடி."

பொன்னாயி இறுக்கிப் பிடித்தாள். வந்தவள் யாரையும் தொடாமல் திரும்பிப் போனாள்.

அடுத்து பொன்னாயி முறை. நாக்கு வறண்டுதான் கிடந்தது. பயம் எங்கும் போய்விடவில்லை. கோட்டருகே முதல் 'கபடி' கரகரவென்று பாதிதான் வந்தது. அடுத்தது முழுசாக வந்தது. பாடிக்கொண்டே உள்ளே போனாள். மூலையில் நின்றவள் இவள் காலைப் பிடித்தாள், மேலே நாலு பேர் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்தும் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது, விசில் ஊதும்வரை.

அவுட்டுதான். வெளியே போய் உட்கார்ந்தாள். உள்ளே மலர்விழி உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, கோத்துக்கொள்ள இன்னொருத்தி கையைத் தேடினாள். தேடும்போது இவளைப் பார்த்தாள்.

"வுடாதக்கா, புடி," என்றாள் பொன்னாயி.

மூச்சு வாங்கியதில் குரல் கிழிந்திருந்தது. ஆனாலும் அது மைதானத்தின் அந்தக் கோடிவரைக்கும் கேட்டது.