இரண்டு விரல் இடைவெளி

"உங்க அலட்சியத்துல எங்கப்பா போயிட்டாரு. அவ்ளோதானே?"

மகன் போட்ட சத்தத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் பெண் சுவரோரமாக ஒடுங்கி நின்றாள். ஒரு கையுறையைக் கழற்றியிருந்தாள். இன்னொன்றைக் கழற்ற மறந்துவிட்டிருந்தாள்.

அவன் அம்மா, தையல்காரம்மா, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கணவர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அழுகை வரவில்லை.

அவர் பஸ் டிரைவர். வாய் ஓயாத மனிதர். உங்கள் ஹாரன்கூட நடுவில் மூச்சு வாங்கும், நீங்கள் வாங்கமாட்டீர்கள் என்று அவளே கேலி செய்வாள். நிமோனியாவில் படுத்தவருக்கு வாய் வழியாகக் குழாய் விட்டு, இரண்டு வாரம் மெஷின்தான் மூச்சு கொடுத்தது. பிறகு டாக்டர் அவளைக் கூப்பிட்டார். கழுத்தில் சின்னதாகத் துளை போட்டு அந்த வழியாகக் குழாய் வைத்தால் மயக்க மருந்தைக் குறைக்கலாம், கண் திறந்து பார்ப்பார் என்றார். ரத்தம் கசியலாம், சளி அடைக்கலாம், முதல் வாரத்தில் குழாய் வெளியே வந்துவிட்டால் திரும்ப வைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். கண் திறந்து பார்ப்பார் என்பது மட்டும்தான் அவள் மனதில் நின்றது. கையெழுத்துப் போட்டாள். மறுநாளே அவர் கண்ணைத் திறந்தார்.

இன்று நாலாவது நாள். காலையில் அவள் உள்ளே போனபோது நர்ஸ் பக்கத்துக் கட்டிலில் வேலையாக இருந்தாள். குழாயைக் கழுத்தோடு பிடித்திருந்த நாடாவை அவர் விரலால் இழுத்து இழுத்துக் காட்டினார். பேச்சு வராது. கண்ணால் கெஞ்சினார். நாடா பட்ட இடம் சிவந்திருந்தது.

ஒரு விரல்தான் நுழைய வேண்டும் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள். முப்பது வருஷமாக ஊரார் கழுத்தையெல்லாம் அளந்தவளுக்கு அது ஏறவில்லை. இரண்டு விரல் விடாமல் அவள் ஒரு காலர்கூடத் தைத்ததில்லை. நேற்று வந்த பெண்ணுக்குக் கழுத்தைப் பற்றி என்ன தெரியும்? முடிச்சை அவிழ்த்து, இரண்டு விரல் விட்டு, நேர்த்தியாகத் திரும்பக் கட்டினாள்.

"இப்ப சரியா இருக்கா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கு மனசு நிறைந்துபோனது.

மதியம் புரட்டிப் படுக்கவைக்கும்போது இருமினார். குழாய் வெளியே வந்துவிட்டது. நாலு பேர் ஓடிவந்தும் திரும்ப வைக்க முடியவில்லை. வாய் வழியாகவும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தொண்டை வீங்கியிருந்தது.

மகன் போட்ட சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். "நாடாவை யார் கட்டினது?"

"நான்தான் சார்," என்றாள் நர்ஸ். "காலையில பாத்தேன். டைட்டாதான் இருந்துச்சு."

"டைட்டா இருந்தா எப்படி வெளிய வரும்?" மகன் பாய்ந்தான். "நான் எழுதிக் குடுக்கறேன் சார். இந்தப் பொண்ணு இனிமே எந்த ஆஸ்பத்திரியிலயும் வேலை பாக்கக் கூடாது."

பேசாமல் இருந்துவிட்டால் போதும். மகன் வேறு யாரையோ வெறுத்துக்கொண்டு போவான். அந்த நினைப்பும் தையல்காரம்மாவுக்கு வரத்தான் செய்தது.

"நான்தான் லூசாக்கினேன்," என்றாள்.

"சும்மா இரும்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்பாவுக்கு இறுக்குச்சுடா. ரெண்டு விரல் விட்டுக் கட்டினேன். போய் முடிச்சைப் பாரு. அது என் முடிச்சு."

டாக்டர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. டைட்டா கட்டியிருந்தாலும் சில பேருக்கு வந்துடும். புரட்டறதுக்கு முன்னாடி நாங்களும் ஒரு தடவை பாத்திருக்கணும்."

நல்ல மனிதர். அவள் தலையை ஆட்டினாள். சொன்னதில் ஒரு வார்த்தையும் உள்ளே இறங்கவில்லை.

நர்ஸ் அவள் காலருகே குந்தி உட்கார்ந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

"சொல்லியிருக்கணும் கண்ணு," என்று தையல்காரம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். அப்போதுதான் அவளுக்கும் அழுகை வந்தது.

மகன் அம்மாவைப் பார்க்கவில்லை. கீழே கையெழுத்துப் போடவேண்டிய காகிதங்களை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று லிஃப்டுக்குள் போய், தரையைப் பார்த்தபடி நின்றான். பின்னாலேயே போனவள், கூட ஏறலாமா கூடாதா என்று தெரியாமல் நாலடி தள்ளி நின்றுவிட்டாள்.

கதவு மூட வந்தது. வாசலில் நீட்டியிருந்த அவன் காலில் பட்டுத் திரும்பிப் போனது. மறுபடியும் வந்தது, மறுபடியும் போனது. அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, காலையும் எடுக்கவில்லை.