உப்பு வண்டிக்கு ஒரு ஸ்பீக்கர்

“கடை தொறந்துதானம்மா இருக்கு, நாம ஏன் வெளிய நிக்கோம்?”

கேட்டவள் ஆறு வயது இசக்கிச்செல்வி. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு, ஐப்பசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை காலை. கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ரேடியோக் கடை வாசலில், தாய் பெருமாயியின் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

பெருமாயி மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். தெருத்தெருவாகக் கூவி உப்பு விற்றதில் அவள் தொண்டைக்குள் முடிச்சு விழுந்திருந்தது. இனியும் கத்தினால் குரல் அடியோடு போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதமாகச் சத்தமில்லாமல் வண்டியைத் தள்ளிப் பார்த்தாள். சத்தமில்லாத வண்டிக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்கவில்லை. மூட்டை அப்படியே திரும்பி வந்தது. வீட்டில் ஒரு சின்ன டேப் ரிக்கார்டர் கிடந்தது. மகளின் குரலை அதில் பதிந்து, வயர் வழியாக ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் வண்டி தானாகக் கூவும். அதற்காகத்தான் கடை திறக்கும் முன்பே வந்து நின்றாள்.

அவளை வாசலோடு நிறுத்தியவன் சாமித்துரை. கடையில் ரிப்பேர் பார்ப்பவன். முதலாளி மாயகிருஷ்ணன் கண்ணைக் காட்டினார். இவன் படியிறங்கிப் போய், “செத்த பொறுங்கக்கா, இன்னும் போணி ஆகல” என்றான். பெருமாயிக்கு விளங்கிவிட்டது. புருஷனை இழந்தவள் கையால் நாளின் முதல் வியாபாரம் நடந்தால் அன்றைக்குக் கடை விளங்காது என்று மாயகிருஷ்ணன் நம்பினார். தினமும் சாமி படங்களுக்குச் சரம் வாங்கிப் போடுகிறவர். சூடம் காட்டாமல் கல்லாவில் உட்காராதவர். கும்பிட்ட கை கீழே இறங்குவதற்குள் ஒருத்தியைத் தெருவில் நிறுத்த ஒரு மனிதருக்கு எப்படி மனம் வருகிறது? அந்தச் சாமி அதைக் கேட்டாரா?

சிறுமியின் கேள்வி கடைக்குள்ளும் கேட்டது. டார்ச் லைட்டுக்கு இரண்டு பேட்டரிக் கட்டை வாங்கிக்கொண்டு திரும்பிய ஜெயப்பிரியா நின்றாள். கல்யாணமாகி நாலு மாதமே ஆன பெண். தெருவோடு போனவளை மாயகிருஷ்ணன்தான் வலியக் கூப்பிட்டிருந்தார்.

“அவிய எனக்கு முந்தியே நிக்காவளா?” என்று கேட்டாள்.

“அது ஒரு ஐதீகம்மா. நீ சுமங்கலி. போணி ஒன் கையால ஆகட்டுமேன்னு…”

“அதான் கையப் புடிச்சு இழுக்காத கொறையா கூப்பிட்டியளா?” ஜெயப்பிரியா இரண்டு கட்டையையும் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். “இந்தாங்க. என் ரூவாயக் குடுங்க.”

மாயகிருஷ்ணன் எழுந்தேவிட்டார். போணியைத் திருப்பிக் கேட்பதைவிடக் கெட்ட சகுனம் அவருக்குத் தெரிந்து வேறில்லை.

“ஏ தாயி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இப்படிப் பண்ணலாமா?”

“வெள்ளிக்கிழமை ஒங்க வீட்டுல உப்பு யாருட்ட வாங்குதாவ? ஒங்க வீட்டம்மா முந்தானையில ஏந்தி வாங்குதத என் கண்ணால பாத்திருக்கேன். உப்பு மகாலட்சுமியாம், தரையில சிந்தக் கூடாதாம். அந்த மகாலட்சுமியத் தள்ளிட்டு வாரவ மட்டும் வாசலோட நிக்கணுமா? நாளைக்கு எம் புருசனுக்கு ஒண்ணுன்னா என்னையும் அங்கனதான நிறுத்துவிய?”

“ஐயையோ, நாக்குல அப்படியெல்லாம் வரக் கூடாது!”

“நாக்குல வந்தா தப்பு. செஞ்சா தப்பில்லையா அண்ணாச்சி?”

மாயகிருஷ்ணன் கல்லாவைத் திறந்தார். பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், “சரி, உள்ள வரச் சொல்லு” என்றார்.

பெருமாயி மகளோடு படியேறினாள். மணலை உரசுவதுபோல ஒரு குரல் வந்தது. “நான் சண்டை வாங்க வரல தாயி. பொட்டி வாங்க வந்தேன்.”

ஜெயப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்க எடுங்கக்கா. பொறவு நான் கட்டை வாங்கிக்கிடுதேன்.”

மாயகிருஷ்ணன் முதலில் காட்டியது வண்ண விளக்கு சுற்றும், ரேடியோ மட்டும் பாடும் ஒரு ஸ்பீக்கர். பெருமாயி அதைத் திருப்பி முதுகைப் பார்த்தாள். வயர் சொருக ஓட்டையே இல்லை. ஒதுக்கிவிட்டாள். அடுத்தது தகரப் பெட்டி. மடியிலிருந்து ஒரு பூட்டை எடுத்துக் காட்டினாள். வண்டிப் பெட்டிக்குப் போட்ட பூட்டு. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சாவி நுழையாத அளவுக்குத் துருப்பிடித்திருந்தது.

“உப்புக் காத்து இரும்பத் தின்னுரும்.”

மூன்றாவது, கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த கறுப்புப் பெட்டி. தோள்வார் இருந்தது. சார்ஜ் ஏற்றினால் ஆறு மணி நேரம் பாடும். அவள் அதை விரலால் தட்டினாள், குலுக்கினாள், முன்னால் இருந்த வலையை நகத்தால் சுரண்டினாள்.

“கீழ போட்டுக் கீட்டுராத” என்றார் மாயகிருஷ்ணன்.

“நான் போட மாட்டேன் மொதலாளி. கரிசக்காட்டுப் பாதையில வண்டி போடும்.”

மஞ்சள் பையிலிருந்து டேப்பை எடுத்து வயரைச் சொருகினாள். பிடுங்கினாள், மறுபடி சொருகினாள். மூன்று தரம். பிறகு பொத்தானை அழுத்தினாள். “உப்பே… கல்லுப்பே…” என்று இசக்கிச்செல்வியின் குரல் கடையை நிறைத்தது. இசக்கிச்செல்வி வெட்கப்பட்டுத் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஜெயப்பிரியா கை தட்டினாள்.

“இதத்தான் எடுக்கேன்” என்றாள் பெருமாயி.

“ஆறு மாசம் கேரண்டி” என்று பில் போட்ட மாயகிருஷ்ணன், எழுதி முடித்ததும் சேர்த்துக்கொண்டார்: “உப்புக் காத்துக்குக் கேரண்டி கெடையாது, சொல்லிட்டேன்.”

பேச்சு பேச்சாக இருக்கும்போதே ஒருத்தியின் பிழைப்பைக் கேரண்டியிலிருந்து கழித்துவிடுகிறார்கள். பெருமாயி வெளியே தெரிந்ததையெல்லாம் சரியாகப் பார்த்துத்தான் எடுத்தாள். உள்ளே இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? வயர் சொருகும் சாக்கெட் மெல்லிய இரும்புத் தகட்டில் செய்தது என்பது சாமித்துரைக்குத் தெரியும். அவள் வண்டியில் அது மழைக்காலத்தைத் தாண்டாது.

“சார்ஜ் நிக்குதான்னு பாத்துத் தாரேன், அஞ்சு நிமிசம்” என்று பெட்டியை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனான்.

அங்கே யாருமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலை அவன் நினைவுக்கு வந்தது. புது வாடகை வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். முதலில் உள்ளே கொண்டுபோக உப்பு வாங்கி வைக்க மறந்துபோனான். பெருமாயியின் குடிசைக்கு ஓடி எழுப்பினான். பாத்திரம் நிறைய அள்ளிக் கொடுத்து, “பால் காய்ச்சுத வீட்டுக்கு உப்பக் குடுத்து வெல சொல்ல மாட்டேன், நல்லா இருங்க” என்று அவள் வாழ்த்தினாள். இன்றைக்கு அவளைப் பார்த்து “செத்த பொறுங்க” என்று சொன்னதும் அதே அவன் வாய்தான்.

சாமித்துரை நாலு திருகாணிகளையும் கழற்றினான். மதுரையில் வாங்கி, தன் வீட்டு ரேடியோ செட்டுக்கென்று வைத்திருந்த பித்தளைச் சாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்தான். பழையதன் ஈயத்தை உருக்கிக் கழற்றிவிட்டு, புதியதை வைத்து ஈயம் பற்றவைத்தான். மெழுகை உருக்கி, உள்ளே கம்பி சேரும் இடங்களிலெல்லாம் ஊற்றினான். ஆறும்வரை ஊதினான். திரும்ப மூடி, மேலே பட்டிருந்த கைரேகையைத் துணியால் துடைத்தான்.

பெட்டியை வாங்கிக்கொண்ட பெருமாயி, “என்ன தம்பி பண்ணுன, இம்புட்டு நேரமா?” என்று கேட்டாள்.

“தூசி இருந்துச்சுக்கா. தட்டுனேன்” என்றான்.