சம்பந்தி வீட்டு விறகு

எங்கள் ஊரில் விறகைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பற்றும். புளியங்கட்டையை வேம்பு என்று கூப்பிட்டுவிட்டு ஒரு குடம் மண்ணெண்ணெயை ஊற்றினாலும் அது சும்மா நனைந்து கிடக்கும். விறகுக்கும் ரோஷம் உண்டு என்பதால் யாரும் இதைக் குறை சொல்வதில்லை.

எது என்ன மரம் என்று சான்று கொடுக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அதில் நான் கடின மரப் பிரிவு ஆய்வாளர். பட்டை, வெட்டுமுகத்து வளையம், கனம், வாசனை, தட்டினால் எழும் சத்தம் ஆகிய ஐந்தையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும் என்பது விதி. நாங்கள் பட்டியலில் இருக்கும் நாற்பத்தேழு பெயர்களையும் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்ப்போம். எந்தப் பெயருக்குப் பற்றுகிறதோ அதை எழுதி, ‘ஐந்தையும் பரிசீலித்ததில்’ என்று ஆரம்பித்துக் கையெழுத்துப் போடுவோம். இதுவரை ஒரு சான்றுகூடத் தவறானதில்லை. சான்று கைக்கு வருவதற்குள் கட்டை சாம்பலாகிவிடும், அது வேறு விஷயம்.

சிக்கல் என் மகள் அம்சவேணியின் கல்யாணத்தில் வந்தது. வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் ஒரு கட்டை கொண்டுவருவார்கள். கல்யாணச் சமையலின் கோட்டை அடுப்பில் முதலில் அதுதான் எரிய வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் மட்டுமே அதற்குப் பெயர் சொல்லலாம், அதுவும் மூன்று முறைதான். மூன்றும் தவறினால் கட்டையையும் மாப்பிள்ளையையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

காலை ஆறு மணிக்குச் சம்பந்தி பொன்னுரங்கம் கட்டையோடு வந்தார்.

“தணிகாசலம் சார் பெரிய ஆபீசர். அவருக்குப் போய் சவுக்கைக் குடுத்தா மரியாதையா இருக்குமா?” என்று சிரித்தபடி கட்டையை அடுப்பருகே போட்டார். தரை அதிர்ந்தது.

வேறு வழியில்லாமல் வேலையில் சேர்ந்தபின் முதன்முறையாக ஐந்தையும் பார்த்தேன். பட்டை சொரசொரப்பாக இருந்தது. வளையம் ஐம்பத்து நான்கு. வாசனை பழைய கோப்பு மாதிரி. பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. கனத்தை வைத்து, “புளி” என்று கூப்பிட்டேன். கட்டை அசையவில்லை. உள்ளே அம்சவேணிக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி மரகதம் வந்தாள். வீட்டு அடுப்புக்கு இருபத்தாறு வருடமாக விறகு பிளப்பவள். குனிந்து விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. ஆனா அதை என் வாயால எப்படிச் சொல்றது?”

“மரத்துப் பேர் சொல்றதுக்கு என்ன வெட்கம்?”

“அரக்கோணம் பக்கத்துல முருகன் மலை ஒண்ணு இருக்குதுல்ல?”

“திருத்தணி.”

“அங்க இருக்கிற சாமி பேருங்க.”

நான் நிபுணன் என்பதால் சாமியை விட்டுவிட்டு அந்த மலையடிவாரத்தில் என்னென்ன மரம் உண்டு என்று யோசித்தேன். “வேம்பு!” என்றேன். மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள்.

பொன்னுரங்கம் டிரைவரைக் கூப்பிட்டு வேனைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். “சார், இட்லி மாவு பொங்கி வழியுது” என்றார் சமையல்காரர் பரந்தாமன். ஜன்னலில் அம்சவேணியின் முகம் தெரிந்தது. பாதி பின்னிய ஜடையோடு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரகதம் முந்தானையை இடுப்பில் செருகினாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டபோதுகூட அட்டையைத்தான் நீட்டியவள்.

“தணிகாசலம்” என்றாள்.

கட்டை சடசடவென்று பற்றிக்கொண்டது. பரந்தாமன் இட்லிப் பானையை ஏற்றினார். “நல்ல கட்டைதான். பத்த நேரமாகும், புகை கொஞ்சம் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுப் பொன்னுரங்கம் பந்தியில் போய் உட்கார்ந்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவள் வாயால் என் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது. கேட்டவர்களிடம் புகை என்று சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை பட்டியலில் நாற்பத்தெட்டாவது பெயர் சேர்ந்தது. பட்டியலில் இருப்பவர் ஆய்வாளராக இருக்க முடியாது என்பதால் என்னை ஆய்வுப் பிரிவிலிருந்து இருப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். உத்தரவின் கீழே ‘ஈரம் காய்ந்தபின் பயன்படுத்தவும்’ என்று ஒரு குறிப்பு இருந்தது.

கொட்டகையில் சவுக்குக்கும் தேக்குக்கும் நடுவில் எனக்கு இடம். மழை படாத இடம், காற்றும் வருகிறது. தேக்குக்குக் கொஞ்சம் தலைக்கனம். சாயங்காலம் மரகதம் வந்து வாசலில் என் பெயரைத் தயங்காமல் சொல்கிறாள். எடை போட்டுத்தான் வெளியே விடுகிறார்கள். போன வாரத்தைவிட இரண்டு கிலோ குறைந்திருக்கிறேன். நன்றாகக் காய்ந்து வருவதாகக் காவலாளி சொன்னார். மரகதமும் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றாள்.