சினேகாவின் கதை ஏறிய லோடு

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேல்விழி, கதையும் எழுதுவாள். கூட வேலை பார்க்கும் பெண்களின் கதைகள், அவர்கள் பேச்சிலேயே. பல வருடம் எழுதியதைப் புத்தகமாக்கச் சிவகாசி அச்சகம் ஒன்றில் கொடுத்திருந்தாள். அச்சடித்தாயிற்று. தைப்பதுதான் பாக்கி.

எப்போது கிடைக்கும் என்று கேட்கப் போனாள். ஃபோர்மேன் செந்தூர்பாண்டி தலையைச் சொறிந்தார்.

"கேலண்டர் சீசன், தாயி. நிக்க எடமில்ல. பயலுக ஒம் புத்தகத் தாள வேஸ்ட்டுன்னு அம்புட்டையும் லோடுல ஏத்திட்டானுக."

"நான் எழுதிக் குடுத்தது, அண்ணாச்சி?"

"அதுவும் அதோடதான் கெடந்துச்சு."

"கம்ப்யூட்டர்ல இருக்கும்ல?"

"அடிச்சு முடிச்சதும் அழிச்சிருவோம்."

அச்சகத்தின் கழிவுத்தாள் நாரணாபுரத்து வீடுகளுக்குப் போகும், வெடிக்குக் குழாய் சுற்ற. வேல்விழி பஸ் பிடித்து ஊருக்கு ஓடி வந்தாள்.

முதல் வீடு வள்ளித்தாயுடையது. அவள் மகள் சினேகா போன வருடம் வெடிவிபத்தில் செத்தாள். புத்தகத்தின் முதல் கதை சினேகாவுடையது. வள்ளித்தாய்க்கு எழுத்துத் தெரியாது. மகள் பேர் அச்சில் வருமா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

"வாங்க எழுத்தாளரே, வேலைக்கு மட்டம் போட்டுட்டீகளா?" என்று சிரித்தாள். காலையில் வந்த தாள் முழுவதும் குழாயாகி அவளைச் சுற்றிக் குவிந்திருந்தது.

வேல்விழி ஒன்றைக் கையிலெடுத்தாள். அவளுடைய வரிகள் வளைந்து உள்ளே போயின.

"சித்தி, இது நம்ம புத்தகம்."

வள்ளித்தாயின் சிரிப்பு அப்படியே நின்றது.

"எம்புள்ள பேரு?"

வேல்விழி குவியலைக் கிளறித் தேடி ஒரு குழாயைக் காட்டினாள். 'சினே' வரை தெரிந்தது. மிச்சம் உள்மடிப்பில்.

வள்ளித்தாய் நகத்தால் பிரித்துப் பார்த்தாள். பசை இறுகியிருந்தது, வரவில்லை. சட்டித் தண்ணீரில் ஊறப்போட்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. குழாய் எடுக்க வந்த ஏஜென்ட் உள்ளே எட்டிப் பார்த்தான். "என்ன யக்கா, குழாயக் குளிப்பாட்டுதீகளா? பொழுது போகுது, அள்ளுங்க."

வேல்விழி குறுக்கே நின்றாள். "இத விட்டுட்டுப் போங்கண்ணே."

"கம்பெனித் தாளும்மா. ஆர்டர் நிக்குது. அடுத்த வீட்டுலயும் இதே தாளுதான். எம்புட்டத் தடுப்ப?"

அவன் சாக்கில் அள்ளத் தொடங்கினான். வள்ளித்தாய் சட்டிக்குள் கைவிட்டாள். குழாய் கூழாகி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கையில் பரப்பி நீட்டினாள்.

"இதுல அவ பேரு எது, தாயி?"

வேல்விழி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். ஒரு எழுத்தும் முழுசாயில்லை. சும்மாவாவது ஒன்றைத் தொட்டுக் காட்டலாம் என்று விரலை நீட்டினாள். தொட முடியவில்லை.