கல்லறைச் சுவரில் ஒரு வளைவு

இந்தக் காலத்து மனுஷர்களுக்கு உயிரோடு இருக்கிறவனைக் கண்டால் மூக்கு சுளிக்கும். செத்து நூறு வருஷம் ஆனவனைக் கண்டால் பாசம் பொங்கும். செத்தவன் பக்கத்தில் வந்து உட்காரமாட்டான், அந்தத் தைரியம்.

கடப்பாரையும் கரண்டியுமாகக் கிளம்பிய கொத்தனாரை மகள் வாசலில் மறித்தாள்.

"அம்மாவ வெளிய விட்டுச் சுவர் கட்டவா கிளம்பிட்டீங்க?"

"அவ ஏற்கெனவே வெளியிலதானடி கிடக்கா."

"அது அவங்க பண்ணது. இது உங்க கையால பண்றது."

கொத்தனாருக்குச் சுருக்கென்றது. இருந்தும் நடந்தார்.

அந்த ஊரில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர். அந்த நாலு பேருக்கும் கல்லறைத் தோட்டத்தில் குறுக்கே ஒரு சுவர். உள்ளே பெரிய வீட்டார், வெளியே மற்றவர்கள். ஞானஸ்நானம் ஒன்று, வேதப்புத்தகம் ஒன்று, மண் மட்டும் இரண்டு.

சபையின் நூற்றைம்பதாம் ஆண்டுக்கு வரலாற்று மலர் போடக் கிளம்பினார்கள். முதல் விசுவாசி தங்கள் பாட்டனாகத்தான் இருக்கும் என்று பெரிய வீட்டாருக்கு உறுதி. பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினால், செருப்புத் தைக்கிறவர் ஒருவர்! வேதத்தில் சேர்ந்ததற்காகக் குடிசையைக் கொளுத்தினார்களாம், அவர் அசையவில்லையாம். பெரிய வீட்டார் சேர்ந்தது அதற்கு நாற்பது வருஷம் கழித்து. சேர்ந்ததும் முதலில் கேட்டது இந்தச் சுவரை.

அந்தச் செருப்புத் தொழிலாளி கொத்தனாரின் முப்பாட்டன். அவர் வீட்டில் காலங்காலமாகச் சொல்லிவந்த விஷயம்தான். இவர்கள் சொன்னால் கதை. ரிஜிஸ்டர் சொன்னால் சரித்திரம்.

நாளைக்குப் பிஷப் மாலை போட வருகிறார். பிஷப்பை வெளிப்பக்கம் நிறுத்த முடியுமா? கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது: சுவரில் ஆறடி இடித்து, முப்பாட்டன் கல்லறையை மட்டும் வளைத்து உள்ளே சேர்த்துக் கட்டுவது. அதை ஒட்டித்தான் கொத்தனாரின் மனைவி கல்லறை.

கல்லறைத் தோட்டத்தில் கமிட்டிச் செயலாளர் நூல் பிடித்துக் காட்டினார்.

"ஐயா, இன்னும் ரெண்டடி தள்ளிப் பிடிச்சா என் பெஞ்சாதியும் உள்ள வந்துருவா."

"தீர்மானத்துல இல்லையேப்பா. அப்புறம் எல்லாரும் கேப்பாங்க. ஏற்கெனவே ஊரே நம்மளச் சிறுபான்மைன்னு ஒதுக்குது. இப்பப் போய் பிரிவினை பேசலாமா?"

"சுவர் கட்டினா பிரிவினை இல்ல, அதப் பேசினாத்தான் பிரிவினையாக்கும்?"

போதகர் இடையில் புகுந்தார். "பரலோகத்துல சுவரே கிடையாதுப்பா."

"அங்க கொத்தனாருக்கு வேலை இல்லன்னு சொல்லுங்க."

கடப்பாரை இறங்கியது. ஆறடி விழுந்தது. கொத்தனார் நிறுத்தவில்லை. மனைவியின் கல்லறையைத் தாண்டி, ஓரத்து மரம் வரைக்கும் போனார். தடுக்க ஓடிவந்த செயலாளருக்குப் புழுதியில் இருமல்தான் வந்தது.

"அடப்பாவி! ஆறடிதானேய்யா சொன்னேன்!"

"பழைய சுவருங்க. தொட்டதும் வந்துருச்சு."

"சரி, பொழுது சாயறதுக்குள்ள கட்டு!"

"என்னால ஆகாது. வேற ஆளப் பாருங்க."

செயலாளர் விழித்தார். சபையில் இன்னும் மூன்று கொத்தனார்கள் உண்டு. மூவரும் வெளிப்பக்கம் புதைக்கப்பட வேண்டியவர்கள்.

குரல் சட்டென்று இறங்கியது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பிஷப் போகட்டும், அண்ணி விஷயத்தக் கமிட்டில வைக்கிறேன். சத்தியமா!"

'இல்லையேப்பா' என்றவர் வாயில் தான் 'அண்ணே' ஆனதைக் கொத்தனார் கவனித்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வைங்க, வைங்க," என்று கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவர் இருந்த இடத்தைத் தாண்டி நடந்தார். அந்தச் சத்தியத்தில் ஒரு சொல்லைக்கூட அவர் நம்பவில்லை.